பாடல் இடம் மாறினால் என்ன ஆகும்? மேடை இசை நாடகத்தைத் திரையில் பார்ப்பது பற்றி

'லே மிசராப்ல்' என்ற இசை நாடகத்தை மேடையிலோ ஒலிப்பதிவிலோ நன்கு அறிந்தவர்கள், 2012-ஆம் ஆண்டு வெளிவந்த அதன் திரைப்படத்தைப் பார்க்கும்போது முதல் அரைமணி நேரம் கடப்பதற்குள் ஓர் இடறலை உணர்ந்திருப்பார்கள். ஃபான்டீன் என்ற ஏழைப் பெண், தான் கண்ட கனவு எப்படிச் சிதைந்தது என்று தனியாக நின்று பாடும் புகழ்பெற்ற பாடல், வர வேண்டிய இடத்தில் வருவதில்லை. மேடையில், தொழிற்சாலை வேலையிலிருந்து துரத்தப்பட்டவுடன் அவள் அதைப் பாடுவாள்; பாடி முடித்த பிறகுதான் தலைமுடியை விற்பதும், கடைசியில் தன் உடலையே விற்க நேர்வதும் நடக்கும். திரைப்படத்தில் அவள் அத்தனையையும் இழந்து முடித்த பிறகே அந்தப் பாடல் தொடங்குகிறது. சொற்களும் மெட்டும் மாறவில்லை. ஆனால் மேடையில் வீழ்ச்சியின் விளிம்பில் நின்று பாடிய பெண், திரையில் வீழ்ச்சியின் அடியில் கிடந்து பாடுகிறாள்.

நான் அந்தப் படத்தை முதன்முறை பார்த்தபோது இந்த மாற்றத்தைப் பிழை என்றே எடுத்துக்கொண்டேன். பழகிய வீட்டில் யாரோ சாமான்களை இடம் மாற்றி வைத்துவிட்டதைப் போல மனம் அதிலேயே சிக்கிக்கொண்டது; அடுத்து வந்த காட்சிகளை நான் சரியாகப் பார்க்கவேயில்லை. இரண்டாம் முறை பார்த்தபோதுதான், இடம் மாறியதால் பாடலின் பொருளே வேறாகியிருப்பதையும், அந்த வேறு பொருளுக்கு ஏற்பவே ஃபான்டீனாக வரும் ஆன் ஹாத்தவேயின் நடிப்பும் ஒளிப்பதிவும் அமைந்திருப்பதையும் கண்டேன். மனத்துக்கு நெருக்கமான ஒரு மேடை இசை நாடகத்தின் திரைப்படத் தழுவலை எப்படிப் பார்க்கலாம் என்பதை, இத்துறைக்குப் புதியவர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து: மேடையில் இந்தப் பகுதி என்ன வேலையைச் செய்தது, திரையில் அந்த வேலையை இப்போது எது செய்கிறது?

பாடல் செய்யும் வேலை

மியூசிக்கல் என்று பரவலாக அழைக்கப்படும் மேடை இசை நாடகம், இடையிடையே பாட்டு வரும் நாடகம் மட்டும் அன்று. நியூயார்க்கின் பிராட்வேயிலும் லண்டனின் வெஸ்ட் எண்டிலும் வளர்ந்து முதிர்ந்த இந்த வடிவத்தில், ஒரு பாடல் தொடங்கும்போது இருந்த நிலை அது முடியும்போது மாறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. பாடலுக்குள் ஒருவர் முடிவெடுப்பார், ஓர் உண்மை தெரியவரும், அல்லது இருவருக்கிடையே காதல் பிறக்கும். ஆகையால் பாடலை எடுத்துவிட்டால் கதையிலேயே பள்ளம் விழும். இந்நாடகங்கள் பெரும்பாலும் இரண்டு அங்கங்களாக அமைகின்றன. முதல் அங்கத்தின் தொடக்கப் பகுதியில் முதன்மைப் பாத்திரம் தன் உள்ளம் எதற்காக ஏங்குகிறது என்பதைப் பாடிவிடும். அங்கம் முடியும் இடத்தில், இடைவேளைக்கு எழுந்து செல்பவர்கள் திரும்பி வந்தே தீர வேண்டும் என்ற தவிப்பை உண்டாக்கும் பெரிய பாடலோ நிகழ்வோ வரும். இரண்டாம் அங்கத்தில், முன்பு கேட்ட மெட்டுகள் வேறு சொற்களோடும் வேறு துயரத்தோடும் மீண்டு வந்து, கேட்பவரின் நினைவைத் தொட்டு அசைக்கும். 'லே மிசராப்ல்' போன்ற சில நாடகங்களில் பேச்சு வசனம் என்பதே ஏறக்குறைய கிடையாது, எல்லாமே பாடப்படும்.

மேடைப் பாடலில், ஒலிப்பதிவை மட்டும் கேட்பவர்கள் எளிதில் கவனிக்காத ஒரு நுட்பமும் உண்டு. பல பாடல்கள் இறுதியில் ஓர் அழுத்தமான இசைத் தட்டோடு சட்டென நின்றுவிடும். அது கைதட்டலுக்கான அழைப்பு. அரங்கம் கைதட்டும் அந்தச் சில விநாடிகளில் நடிகர் அசையாமல் நிற்பார், பார்வையாளரும் மூச்சு விட்டுக்கொள்வார்கள், அதன் பிறகே கதை நகரும். திரைப்படத்தில் கைதட்டலுக்காக யாரும் காத்திருக்க முடியாது. அதனால் இயக்குநர்கள் பாடலின் முடிவைத் தேய்த்து, அடுத்த காட்சியின் ஓசைக்குள் கரைத்துவிடுவது வழக்கம். திரைப்படத்தைப் பார்த்துவிட்டு 'எல்லாம் இருந்தது, ஆனால் ஏதோ குறைந்தது' என்று சொல்பவர்கள் பல நேரங்களில் தவறவிட்டது, தம்மைச் சுற்றி எழும் அந்தக் கைதட்டலையே.

ஒரே பாடலுக்கு இரண்டு இடங்கள்

பாடலின் இடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விளக்க 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யை விடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன். ரோமியோ ஜூலியட் கதையை நியூயார்க் நகரத்து இளைஞர் கும்பல்களின் பகையாக மாற்றி எழுதிய இந்த நாடகம் 1957-இல் பிராட்வேயில் அரங்கேறியது; இசை லெனார்ட் பெர்ன்ஸ்டைன், பாடல் வரிகள் ஸ்டீவன் சோண்ட்ஹைம், நெறியாள்கையும் நடன அமைப்பும் ஜெரோம் ராபின்ஸ். 1961-இல் ராபர்ட் வைஸும் ராபின்ஸும் இணைந்து இயக்கிய திரைப்படமாகவும், 2021-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய திரைப்படமாகவும் அது இருமுறை திரைக்கு வந்தது. ஒரே மூலத்துக்கு இரண்டு தழுவல்கள் கிடைத்திருப்பதால், ஒப்பிட்டுக் கற்க விரும்புபவர்களுக்கு இது ஒரு நல்ல பாடப் புத்தகம்.

மேடை நாடகத்தின் முதல் அங்கம், இரு கும்பல்களும் மோதிக்கொள்ளும் சண்டையோடு முடிகிறது. நாயகி மரியாவின் அண்ணன் பெர்னார்டோவை, அவள் காதலன் டோனியே குத்திக் கொன்றுவிடுகிறான். மேடையில் இரண்டு உடல்கள் கிடக்க, திரை விழுகிறது. இடைவேளை முடிந்து திரை எழும்போது, நடந்தது எதுவும் தெரியாத மரியா, தான் எவ்வளவு அழகாக இருக்கிறேன், காதலிக்கப்படுவது எவ்வளவு இனிமை என்று தோழிகளோடு துள்ளிக்கொண்டு பாடுகிறாள். அரங்கில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த செய்தி அவளுக்கு மட்டும் தெரியாது. அவள் மகிழ மகிழப் பார்ப்பவர் நெஞ்சு கனக்கிறது. அந்தப் பாடலின் ஒவ்வொரு துள்ளலும் துயரமாகக் கேட்பதற்குக் காரணம், அது அமர்ந்திருக்கும் இடம்.

1961 திரைப்படம் இந்தப் பாடலைச் சண்டைக்கு முன்பாக நகர்த்திவிட்டது. அங்கே அது, காதலில் திளைக்கும் ஓர் இளம்பெண்ணின் கள்ளமற்ற மகிழ்ச்சிப் பாடல். இனிமையானதுதான், ஆனால் கத்தி முனை கழன்றுவிட்டது. ஸ்பீல்பெர்க் அதைச் சண்டைக்குப் பின்னுக்கே திருப்பிக் கொண்டுவந்தார். அவருடைய படத்தில் மரியா ஒரு பெரிய பல்பொருள் அங்காடியில் இரவுத் துப்புரவுப் பணி செய்பவள். தன்னால் வாங்க முடியாத உடைகளுக்கும் பொம்மைகளுக்கும் நடுவே அவள் அந்தப் பாடலைப் பாடுகிறாள். மேடையில் இருந்த துயரம் திரும்பி வந்ததோடு, இந்த ஊர் தனக்குத் தருவதாகக் காட்டிக்கொண்டு உண்மையில் தராத வாழ்க்கை என்ற இன்னொரு பொருளும் அதோடு சேர்ந்துகொள்கிறது. மூலத்துக்கு உண்மையாக இருப்பதும் புதிதாகச் சிந்திப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதற்கு இந்தக் காட்சி எனக்கு ஒரு சான்றாகத் தோன்றுகிறது.

எல்லா இடமாற்றமும் இழப்பாக முடிவதில்லை. அதே நாடகத்தில், கொலைகள் நடந்த பின் இரண்டாம் அங்கத்தில், இளைஞர்கள் ஒரு போலீஸ்காரரைக் கேலி செய்து பாடும் நகைச்சுவைப் பாடல் ஒன்று உண்டு. கோபத்தை அடக்கிக்கொள்ளுங்கள் என்று சண்டைக்கு முன் பாடப்படும் இறுக்கமான பாடலும் உண்டு. 1961 படம் இவ்விரண்டையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாற்றி வைத்தது. தலைவனை இழந்து, பழிவாங்கத் துடிக்கும் இளைஞர்கள் ஒரு வண்டிக் கொட்டகைக்குள் அடைபட்டு, வெடித்துவிடாமல் தம்மைத் தாமே அடக்கிக்கொள்ளும் அந்த நடனம், இடம் மாறியதாலேயே மேடையில் இருந்ததைவிடக் கூடுதல் வலிமை பெற்றது என்று நான் எண்ணுகிறேன். மேடையில் அரங்கச் சிரிப்பு ஒரு தளர்வைத் தரும். இடைவேளையின்றி ஓடும் திரைக்கதையில், இறப்புக்குப் பின் வரும் சிரிப்பு பொருந்துவது கடினம்.

இடைவேளை என்ற தூண்

பல மாற்றங்களுக்கு மூல காரணத்தைத் தேடிச் சென்றால், நாம் வந்து நிற்கும் இடம் இடைவேளை. மேடை நாடகம் இடைவேளையைத் தாங்கு தூணாக வைத்துக் கட்டப்படுகிறது. திரைப்படம் அந்தத் தூணை எடுத்துவிடுகிறது. 1986-இல் லண்டனில் தொடங்கிய 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா'வில், முதல் அங்கத்தின் முடிவில் அரங்கின் மேலே தொங்கும் மாபெரும் சரவிளக்கு மேடையை நோக்கிச் சரிந்து விழும். பார்வையாளர்கள் தம் தலைக்கு மேல் அது அசைவதை உணர்வார்கள். ஆபத்து அவர்களுடையதும் ஆகிறது. 2004-இல் வந்த திரைப்படம் அந்த விளக்கை உச்சக்கட்டத்துக்குத் தள்ளிவைத்தது. படத்தின் நடுவில் அது விழுந்திருந்தால் கதை அங்கேயே உச்சம் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கியிருக்கும். திரைக்கதை நோக்கில் இம்முடிவு புரிந்துகொள்ளத் தக்கதே. ஆனாலும் திரையில் விழும் விளக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தலைக்கு மேல் தொங்கும் விளக்கு தரும் நடுக்கத்தை அது தர முடியாது.

'விக்கெட்' இந்தச் சிக்கலுக்கு வேறொரு விடையைத் தேர்ந்தது. 2003-இல் பிராட்வேயில் தொடங்கிய இந்நாடகத்தின் முதல் அங்கம், நாயகி எல்ஃபபா ஈர்ப்பு விசையையே மீறி வானில் எழுந்து பாடும் பாடலோடு முடிகிறது. அதற்குப் பிறகு எது வந்தாலும் சப்பென்று இருக்கும் என்பதால், இயக்குநர் ஜான் எம். சூ கதையை இரண்டு படங்களாகப் பிரித்து, அந்தப் பாடலையே முதல் படத்தின் முடிவாக வைத்தார். முதல் படம் 2024 நவம்பரிலும் இரண்டாவது 2025 நவம்பரிலும் வெளிவந்தன. மேடையில் கால் மணி நேரமாக இருந்த இடைவேளை, திரையில் ஓராண்டாக நீண்டது. சுமார் ஒன்றரை மணி நேரம் ஓடும் முதல் அங்கம் 160 நிமிடப் படமாக விரிந்ததால், மேடையில் விரைந்து கடந்து சென்ற நட்பும் பகைமையும் மெல்ல முளைத்து வளர இடம் கிடைத்தது. அதற்கு விலையாக, மேடைக்கே உரிய வேகம் குறைந்தது.

உண்மையான தெருவில் எப்படிப் பாடுவது?

மேடையில் ஒரு நாற்காலியை வைத்து 'இது அரண்மனை' என்றால் நாம் ஏற்றுக்கொள்கிறோம். அந்த உடன்பாடு ஒருமுறை ஏற்பட்டுவிட்டால், அந்த அரண்மனையில் ஒருவர் பாடுவதையும் ஏற்பதில் தடையேதும் இல்லை. ஒளிப்படக்கருவி உண்மையான தெருவையும் உண்மையான மழையையும் காட்டுகிறது. அதற்கு நடுவே ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டுப் பாடத் தொடங்கும்போது, மேடையில் கூசாத கண் இங்கே கூசுகிறது. தழுவலில் இறங்கும் ஒவ்வொரு இயக்குநரும் முதலில் விடை கண்டாக வேண்டிய சிக்கல் இதுதான். ஒரு படத்தை நான் மதிப்பிடும்போது, இதற்கு அவர் கண்ட விடை என்ன என்பதைத்தான் முதலில் தேடுவேன்.

1961-இன் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' வானிலிருந்து நகரத்தைக் காட்டித் தொடங்கி, ஒரு விளையாட்டுத் திடலில் நிற்கும் இளைஞர்களிடம் வந்து இறங்குகிறது. அவர்கள் முதலில் விரல் சொடுக்குகிறார்கள், பிறகு நடக்கிறார்கள், நடையில் ஓர் அடி சற்றே நீளுகிறது, ஒரு கை இயல்பைவிட உயரமாக எழுகிறது, நாம் உணர்வதற்குள் அது நடனமாகிவிடுகிறது. உண்மையான தெருவிலிருந்து நடனத்துக்குப் போக அந்தப் படம் படிக்கட்டு கட்டித் தருகிறது.

பாப் ஃபாஸி 1972-இல் இயக்கிய 'கேபரே' நேர் எதிரான வழியில் போயிற்று. 1966-இல் அரங்கேறிய மேடை நாடகத்தில், பெர்லின் இரவு விடுதியின் மேடையில் பாடப்படும் பாடல்களும் இருந்தன. பாத்திரங்கள் தம் அறைகளில், தம் வாழ்க்கையின் நடுவே பாடும் பாடல்களும் இருந்தன. ஃபாஸி இரண்டாம் வகையை நீக்கிவிட்டார். அவருடைய படத்தில் பாடுபவர்கள் எல்லாரும் கதைக்குள்ளேயே பாடகர்களாக மேடையில் நின்று பாடுகிறார்கள். கைதட்டலும் கதைக்குள் இருக்கும் விருந்தினர்களிடமிருந்தே வருகிறது. விடுதிக்கு வெளியே பாடப்படும் பாடல் ஒன்றே ஒன்று. வெயில் விழும் ஒரு திறந்தவெளி மதுச்சாலையில், பொன்னிற முடி கொண்ட இளைஞன் ஒருவன் இனிய குரலில் இயற்கையைப் பற்றிப் பாடத் தொடங்குகிறான். முதலில் அவன் முகம் மட்டுமே தெரிகிறது. பிறகு காட்சி மெல்லக் கீழிறங்கி, அவன் கையில் கட்டியிருக்கும் நாஜிப் பட்டையைக் காட்டுகிறது. சுற்றி அமர்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சேர்ந்து பாட, இனிமை அச்சமாக உறைகிறது. மேடையில் ஒருவர் நின்றால் அவரை முழுதாகத்தான் பார்ப்போம். எதை எப்போது காட்டுவது என்ற அதிகாரம் திரைக்கு மட்டுமே உண்டு. ஒரு தழுவல் மூலத்தை மீறிச் செல்லக்கூடிய இடம் எது என்று யாரேனும் கேட்டால், நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன்.

2002-இல் வந்த 'சிகாகோ' மூன்றாவது வழியைக் கண்டது: நாயகி ராக்ஸியின் கற்பனையில் ஒரு மேடை இருக்கிறது, பாடல்கள் பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கின்றன. சிறையும் நீதிமன்றமும் உண்மை. பாட்டும் ஒளியும் அவள் மனம். இயக்குநர் ராப் மார்ஷல் இரண்டையும் மாறி மாறிக் காட்டியதில், புகழுக்காக ஏங்கும் ஒரு பெண்ணின் உள்ளம் பாத்திர விளக்கமாகவும் ஆகிவிட்டது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதும் அதற்குக் கிடைத்தது.

குரல் யாருடையது?

திரைப்படங்களில் பாடல்கள் பெரும்பாலும் முன்கூட்டியே ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடப்பட்டு, படப்பிடிப்பின்போது ஒலிக்கவிடப்பட்டு, நடிகர்கள் அதற்கு வாயசைக்கும் முறையில் எடுக்கப்படுகின்றன. நடிகருக்குக் குரல் போதாதபோது வேறொருவர் பாடுவதும் உண்டு. 'தி கிங் அண்ட் ஐ'யில் டெபோரா கெர்ருக்கும், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட்டுக்கும், 1964-இல் வந்த 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பின்னணிக் குரலாக இருந்தவர் ஒருவரே: மார்னி நிக்சன். அப்படங்கள் வெளியானபோது திரையில் அவர் பெயர் இல்லை. 'மை ஃபேர் லேடி'யை மேடையில் தம் குரலால் புகழடையச் செய்த ஜூலி ஆண்ட்ரூஸுக்குத் திரைப்பட வாய்ப்புத் தரப்படாமல், பாட இன்னொருவர் தேவைப்பட்ட ஒருவருக்கு அது தரப்பட்டது. ஹெப்பர்னின் நடிப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்த முடிவை நினைக்கும்போது இன்றும் வருத்தமாகவே இருக்கிறது. அதே படத்தில் ரெக்ஸ் ஹாரிசன், ஒவ்வொரு முறையும் தான் வேறு விதமாகப் பாடுவதால் முன்பதிவுக்கு வாயசைக்க இயலாது என்று சொல்லி, கழுத்துப்பட்டையில் மறைத்து வைத்த கம்பியில்லா ஒலிவாங்கியோடு படப்பிடிப்பிலேயே பாடினார்.

ஹாரிசனின் பிடிவாதத்துக்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. முன்கூட்டியே பாடிவிட்டால், எந்தச் சொல்லில் குரல் தழுதழுக்க வேண்டும், எங்கே மூச்சு நிற்க வேண்டும் என்பதெல்லாம் காட்சியில் நடிப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. 2012 'லே மிசராப்ல்' படத்தின் இயக்குநர் டாம் ஹூப்பர் இதைத் தலைகீழாக்கினார். நடிகர்கள் காதுக்குள் பொருத்திய சிறு கருவியில் பியானோ மட்டும் ஒலிக்க, அந்தப் பியானோ இசைஞர் நடிகரின் வேகத்தைப் பின்தொடர்ந்து வாசிக்க, படப்பிடிப்புத் தளத்திலேயே அனைவரும் பாடினார்கள்; முழு இசைக்குழுவின் ஒலி பிறகு சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் சொன்ன ஃபான்டீனின் பாடல் இங்கேதான் புரிகிறது. மேடையில் அதைப் பாடுபவர் கடைசி வரிசையில் இருப்பவரையும் எட்ட வேண்டும். குரல் உயர்ந்து விரிய வேண்டும். படத்தில் ஒளிப்படக்கருவி ஹாத்தவேயின் முகத்துக்கு மிக அருகில், ஏறக்குறைய வெட்டே இல்லாமல் நிற்கிறது. அவர் சில சொற்களை முணுமுணுக்கிறார், சிலவற்றை விம்மலுக்குள் விழுங்குகிறார். எல்லாம் முடிந்துபோன ஒரு பெண்ணால் அப்படித்தான் பாட முடியும். பாடலின் இடம், முகத்தின் அண்மை, தளத்திலேயே பாடுவது ஆகிய மூன்றும் ஒரே முடிவின் மூன்று பகுதிகள். ஒலிப்பதிவில் கேட்ட முழுக்குரலைத் தேடிக்கொண்டு போனவர்களுக்கு இது ஏமாற்றம் தந்திருக்கும் என்பதையும் மறுக்க முடியாது; அந்த முழுக்குரல் உண்மையிலேயே அங்கே இல்லை.

வெட்டப்பட்டவையும் சேர்க்கப்பட்டவையும்

ஒரு பாடல் வெட்டப்பட்டது என்று கேட்டவுடன் நாம் மெட்டுக்காக வருந்துகிறோம். அந்தப் பாடல் சுமந்துகொண்டிருந்த கருத்து என்ன ஆயிற்று என்று பார்ப்பது அதைவிட முக்கியம். 1959-இல் பிராட்வேயில் அரங்கேறிய 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'கில், தாயில்லாக் குழந்தைகளின் தந்தையான கேப்டன் மணக்கவிருந்த எல்சாவும் நண்பர் மேக்ஸும் பாடும் பாடல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, ஆஸ்திரியாவை நாஜிகள் கைப்பற்றப்போவதைத் தடுக்க முடியாது, வளைந்து கொடுத்துப் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று கேப்டனுக்கு அறிவுரை சொல்லும் பாடல். மேடையில் கேப்டனும் எல்சாவும் பிரிவது இந்தக் கருத்து வேறுபாட்டால்தான். 1965 திரைப்படம் அப்பாடல்களை நீக்கியது. அதனால் பிரிவுக்குக் காரணம், அக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மடத்திலிருந்து வந்த மரியாவிடம் கேப்டனின் மனம் சாய்ந்தது என்ற ஒன்றாகச் சுருங்கிவிட்டது. காதல் கதை தெளிவடைந்தது. ஆனால் மேடை நாடகத்தில் இருந்த கூர்மையான அரசியல் கேள்வி, பாடலோடு சேர்ந்து போய்விட்டது.

அதே படம் வேறோர் இடத்தில் மிகச் சிறந்த ஒரு மாற்றத்தையும் செய்தது. மனத்துக்குப் பிடித்த பொருள்களை நினைத்துப் பார்த்து அச்சத்தைப் போக்கிக்கொள்ளும் பாடலை, மேடையில் மரியாவும் மடத்தின் தலைவியும் மடத்திலேயே பாடுவார்கள். இடியுடன் மழை பெய்யும் இரவில் குழந்தைகளோடு பாடப்பட்டது வேறொரு பாடல். திரைக்கதையாளர் எர்னஸ்ட் லேமன், அச்சம் போக்கும் பாடலை அச்சம் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோனார். இன்று உலகில் பெரும்பாலோருக்கு அந்தப் பாடல் என்றாலே இடிச் சத்தமும் கட்டிலில் நெருக்கியடித்து அமர்ந்த குழந்தைகளும்தான் நினைவுக்கு வருகின்றன. நாம் மூலம் என்று நினைத்து நேசிப்பது சில நேரங்களில் தழுவலாகவே இருக்கும் என்பதை இது காட்டுகிறது.

புதுப் பாடல்கள் சேர்க்கப்படுவதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. சிறந்த அசல் பாடலுக்கான ஆஸ்கர் விருதுக்கு, திரைப்படத்துக்கென்றே எழுதப்பட்ட பாடல்களே தகுதி பெறும். 1996-இல் வந்த 'எவிடா'வின் புதுப் பாடல் அந்த விருதை வென்றது. விருதுக்காகச் சேர்த்தது என்று ஒதுக்கிவிடுவதற்கு முன், நம் பழைய கேள்வியையே இங்கும் கேட்கலாம்: மேடையில் சொல்லப்படாமல் விடப்பட்ட ஏதேனும் ஒன்றை இது சொல்கிறதா? 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'கில், மடத்தைவிட்டு கேப்டன் வீட்டுக்குப் புறப்படும் மரியா வழிநெடுகத் தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொள்ளும் பாடல் படத்துக்காக எழுதப்பட்டது. பாடலாசிரியர் ஹேமர்ஸ்டைன் 1960-இல் இறந்துவிட்டதால் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸே வரிகளையும் எழுதினார். மேடையில் ஒரு காட்சி மாற்றத்தில் கடந்துபோன பயணத்தை, திரையில் நடந்தே காட்ட வேண்டியிருந்தது. அந்த நடைக்கு ஒரு பாட்டு தேவைப்பட்டது.

பார்க்கும் முறை

ஒரு குழப்பத்தை இங்கே நீக்கிவிடுவது நல்லது. மேடை நிகழ்ச்சியை அப்படியே படம்பிடித்து வெளியிடுவது தழுவல் ஆகாது. 2016 ஜூனில் நியூயார்க் அரங்கில் படம்பிடிக்கப்பட்டு 2020 ஜூலையில் இணைய ஒளிபரப்பில் வெளிவந்த 'ஹாமில்டன்' அத்தகைய பதிவு; மேடையும் கைதட்டலும் அதில் அப்படியே இருக்கின்றன. நேசித்த நாடகத்தை மீண்டும் அதே உருவில் பார்க்க வேண்டும் என்ற ஏக்கத்தைத் தீர்ப்பது அத்தகைய பதிவுகளே. அந்த ஏக்கத்தோடு ஒரு தழுவலுக்குள் நுழைபவர் முதல் காட்சியிலேயே ஏமாறத் தொடங்கிவிடுவார்.

தழுவலைப் பார்க்கப் போவதற்கு முந்தைய நாள் மேடை ஒலிப்பதிவைக் கேட்காமல் இருப்பது நல்லது என்பது என் பட்டறிவு. கேட்டுவிட்டுப் போனால் ஒவ்வொரு மூச்சையும் மனம் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஓரிரு வாரங்களுக்கு முன்பு கேட்டிருந்தால், மெட்டு நினைவில் இருக்கும், நுணுக்கம் மங்கியிருக்கும். அந்த அளவு நினைவே போதுமானது. படம் ஓடும்போது இடறும் இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, அங்கேயே தீர்ப்பு எழுதாமல் தொடர்ந்து பார்ப்பதும், வீடு திரும்பிய பின் அந்த இடத்துக்கு மட்டும் நம் கேள்வியைப் போட்டுப் பார்ப்பதும் பயன் தரும். பல இடறல்களுக்கு விடை கிடைக்கும். சிலவற்றுக்குக் கிடைக்காது, அந்த வேலையை எதுவுமே செய்யவில்லை, பள்ளம் பள்ளமாகவே விடப்பட்டிருக்கிறது என்று தெரியவரும். அப்போது படம் தோற்றது என்று உறுதியாகச் சொல்லலாம், காரணத்தையும் சேர்த்துச் சொல்லலாம்.

மேடையை அறிந்தவர்களுக்கென்றே சில படங்கள் தம்முள் ஒன்றை ஒளித்து வைத்திருக்கும். 1985-இல் லண்டனில் 'லே மிசராப்ல்' நாயகன் ஜான் வால்ஜானாக முதலில் பாடிய காம் வில்கின்சன், 2012 படத்தில், வால்ஜானுக்கு வெள்ளி விளக்குத் தண்டுகளைக் கொடுத்து அவனுக்கு வாழ்வளிக்கும் பேராயராக வருகிறார். பழைய வால்ஜான் புதிய வால்ஜானின் கையில் ஒன்றை ஒப்படைப்பதைக் கண்டவர்களுக்கு, அந்தத் தண்டுகள் வெறும் வெள்ளியாகத் தெரிந்திருக்காது.

ஸ்பீல்பெர்க்கின் படத்தில் இது இன்னும் ஆழமாகச் செல்கிறது. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில், நமக்கென்று எங்கோ ஓர் இடம் இருக்கிறது என்று நம்பிக்கையோடு ஏங்கும் பாடல் ஒன்று உண்டு. 1957 மேடையில், காதலர் இருவரும் கனவில் ஆட, பெயரற்ற ஒரு பெண்ணின் குரல் திரைமறைவிலிருந்து அதைப் பாடியது. 1961 படத்தில் காதலர்களே அதைப் பாடினார்கள். 2021-இல் அது வாலன்டினா என்ற முதிய கடைக்காரப் பெண்ணிடம் தரப்பட்டது. நடித்தவர் ரீட்டா மொரேனோ. 1961 படத்தில் பெர்னார்டோவின் காதலி அனிதாவாக நடித்து ஆஸ்கர் பெற்றவர் அவர். அந்தப் படத்தில் கும்பல் இளைஞர்கள் அனிதாவை ஒரு கடைக்குள் சூழ்ந்துகொண்டு வன்முறைக்கு முனைவார்கள். புதிய படத்தில் அதே காட்சி வரும்போது, இடையில் புகுந்து அவர்களைத் தடுத்து நிறுத்துபவராக மொரேனோ நிற்கிறார். காதலர்களின் கனவாக இருந்த பாடல், அறுபது ஆண்டுகள் அந்த இடத்துக்காகக் காத்திருந்த ஒருவரின் நடுங்கும் குரலில், ஏறக்குறைய பேச்சைப் போல, தாழ்ந்து ஒலிக்கிறது.